அடைக்கலம் தந்த ஆற்றங்கரை



தஞ்சைத் தரணிக்கும் அரியலூர்ச் சீமைக்கும் எல்லையாக ஓடுவது கொள்ளிடம். முக்கொம்பில் காவிரியினின்று பிரிந்து, மிகுவெள்ளத்தை ஏற்றுக் கடலிற் சேர்ப்பதால், 'கொள்ளும் இடம்' என்ற பொருளில் இப்பெயர் எழுந்தது என்பர். அதன் வடகரைப் பகுதியில் அமைந்த சிற்றூரே ஏலாக்குறிச்சி. தமிழறிந்தோர் அதனைத் திருக்காவலூர் என்றே போற்றுவர்.

ஆறு அன்று வெறும் நீரோட்டமன்று, அரசுகளின் எல்லை. தென்கரை தஞ்சை மராத்திய மன்னர்க்குரியது. வடகரை அரியலூர்ப் பாளையத்தைச் சார்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நாட்டில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது, ஆற்றைக் கடந்து வந்தோர்க்கு இவ்வூர் புகலிடமாயிற்று. இங்குள்ள தேவ அன்னைக்கு 'அடைக்கல மாதா' என்னும் திருநாமம் எத்துணைப் பொருத்தமானது!

இவ்வூரின் புகழை நிலைநாட்டியவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலி நாட்டின் காஸ்திலியோனே நகரிற் பிறந்து, இயேசு சபைத் துறவியாகி, 1711-இல் மதுரை மறைபரப்புத் தளத்தை அடைந்தவர் அவர். இவ்வூர் அன்னைமீது திருக்காவலூர்க் கலம்பகமும் அடைக்கல மாலையும் பாடினார். 3,615 பாக்களைக் கொண்ட தேம்பாவணி, ஐந்திலக்கணம் கூறும் தொன்னூல் விளக்கம், 1732-இல் முடிந்த சதுரகராதி ஆகியனவும் அவர் தந்த செல்வங்களே.

இன்று நம் பிள்ளைகள் 'எ' என்றும் 'ஏ' என்றும் வேறுபடுத்தி எழுதுகின்றனரே, அதற்கும் அவரே காரணர். முன்னர் குறிலுக்கு மேலே புள்ளியிடுவது மரபு. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். புள்ளியை விட்டாலோ குறிலும் நெடிலும் மயங்கும். நெடிலுக்குத் தனி வடிவம் தந்து இக்குழப்பத்தை அவர் நீக்கினார்.

அவருடைய பரமார்த்த குரு கதையில் ஆறு ஒன்று வருவதை நினைவுகூர்வோம். ஆறு விழித்திருக்கிறதா என அறியச் சீடன் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கிறான். அது சீறவே, அஞ்சி ஓடுகிறான். பின்னர் அணைந்த கட்டையைத் தோய்க்க, ஓசை எழவில்லை. ஆறு உறங்குகிறது என மகிழ்ந்து அனைவரும் கடக்கின்றனர்.

அப்பேதைமையைக் கண்டு நகைக்கும் நாம் மட்டும் அறிவுடையோரா? ஆறு உறங்குகிறது என்றெண்ணித்தானே அதன் மணலை அள்ளிக்கொண்டிருக்கிறோம்? மணல் வீணான பொருளன்று. வெள்ளநீரை உறிஞ்சி, கரையோரக் கிணறுகளுக்கு ஊட்டும் களஞ்சியம். மணல் குறைந்தால் நிலத்தடி நீர் தாழும்; ஆற்றுப்படுகை பள்ளமானால் அணைகளின் அடித்தளமும் தளரும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் வீழ்ந்ததை யார் மறப்பர்? 1836-இல் எழுந்த அணை அது. அன்று ஆறு விழித்துக்கொண்டது!

இக்கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குச் செல்லும் நீரே 2004 முதல் சென்னை மாநகரின் தாகத்தையும் தணிக்கிறது. ஆகவே இது கரையோர உழவர்களின் கவலை மட்டுமன்று.

திருக்காவலூர் செல்வோரே, ஆலயத்தில் மன்றாடியபின் ஆற்றங்கரைக்கும் சென்று சிறிது நேரம் நில்லுங்கள். குப்பை எதனையும் அங்கே விட்டுவராதீர்கள். மணற்கொள்ளையை எதிர்த்துக் கரையோர மக்கள் குரலெழுப்பும்போது அவர்களோடு நில்லுங்கள். அன்று அஞ்சி வந்தோர்க்கு அடைக்கலம் தந்த ஆறு, இன்று நம்மிடம் அடைக்கலம் கேட்கிறது. அதற்கு நாம் என்ன விடை கூறப்போகிறோம்?