அடுப்பு மஞ்சளா எரியுதா? கொஞ்சம் கவனிங்க

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்டெர்ன்ஷிப் போறவங்கள்ல நிறைய பேர் கடைசியில் சுங்குவார்சத்திரத்தில்தான் ரூம் எடுக்கிறோம். சின்ன ரூம், ஒரே ஜன்னல், நாலு பேர், மூலையில் ஒரு கேஸ் அடுப்பு. நாங்க தங்கின ரூம்ல அடுப்பு மஞ்சளா எரிஞ்சுது. "பழசு மச்சி, அப்படித்தான் எரியும்"னு விட்டுட்டோம். நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து சமைக்கிறவனுக்கு மட்டும் தினமும் தலைவலி. தூக்கம் பத்தலைன்னு அவனே சொல்லிக்கிட்டான். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வச்சிருக்கோம்னு யாருக்கும் தோணலை. தெர்மோடைனமிக்ஸ் பேப்பரை கிளியர் பண்ணின ஆளுங்க நாங்க! சொல்லவே வெட்கமா இருக்கு.

சிலிண்டர்ல இருக்கிற எல்பிஜி, புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ஒரு பங்கு புரொப்பேன் முழுசா எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேணும். பியூட்டேனுக்கு 31 பங்கு. இதில் ஒரு பகுதியை அடுப்பே இழுத்துக்குது. ஜெட் ஓட்டையிலிருந்து வேகமா வர்ற கேஸ், பக்கத்தில் இருக்கிற காற்றையும் சேர்த்து பர்னர் குழாய்க்குள்ள இழுத்துட்டுப் போகும். மீதிக் காற்று தீயைச் சுத்தி இருந்து கிடைக்கும். ரெண்டும் சரியா இருந்தா தீ நீலமா இருக்கும். காற்று போற வழியில் எண்ணெய்ப் பிசுக்கோ, தூசியோ, செத்த கரப்பான்பூச்சியோ அடைச்சா கார்பன் முழுசா எரியாது. அந்தக் கரித்துகள் சூட்டில் ஒளிர்றதுதான் மஞ்சள் நிறம். அதே துகள்தான் பாத்திரத்தின் அடியில் கரியா ஒட்டுது. உங்க குக்கர் அடியை விரலால் ஒரு தடவை தேய்ச்சுப் பாருங்க.

உப்புத் தண்ணி பொங்கி வழிஞ்சா சோடியத்தால் கொஞ்ச நேரம் ஆரஞ்சா எரியும், அது வேற. சிலிண்டர் தீர்ற சமயத்திலும் மஞ்சள் கலக்கும். புது சிலிண்டர் மாட்டின பிறகும் அப்படியே எரிஞ்சாதான் அடுப்பைச் சந்தேகப்படணும். அதுக்காக ஊக்கை எடுத்து ஜெட்டைக் குத்தாதீங்க! ஓட்டை பெருசானா கேஸ் அதிகமா வரும், காற்று அதுக்கு ஈடு கொடுக்காது, மஞ்சள் இன்னும் கூடும்.

கரி பிடிச்சா தேய்ச்சுக் கழுவிடலாம். கூடவே உருவாகிற கார்பன் மோனாக்சைடுதான் பிரச்சனை. அதுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நாம "கேஸ் வாசனை"னு சொல்றது, லீக் ஆனா தெரியணும்னு எல்பிஜியில் கலக்கிற எதில் மெர்காப்டன். அதனால "வாசனையே வரலையே"ங்கிறது இந்த விஷயத்தில் ஆறுதல் இல்லை. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் வலுவா கார்பன் மோனாக்சைடைப் பிடிச்சுக்கும். தலைவலி, தலைசுத்தல், குமட்டல் வரும். ரூமுக்குள்ள இருந்தா வலி, வெளியே டீக்கடைக்குப் போனா சரியாகுதுன்னா அதைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. ரெண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வந்தா சந்தேகமே வேண்டாம். படுத்தா சரியாயிடும்னு படுக்காதீங்க. அடுப்பை அணைச்சு, எல்லாரும் வெளியே வந்து, 108-ஐக் கூப்பிடுங்க. பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் மாட்டின வீடுகளில் உயிர் போறதும் இதே விஷத்தால்தான்.

காதையும் கொஞ்சம் தீட்டி வையுங்க. தீயைக் குறைக்கும்போது "டப்"னு சத்தம் வந்தா, தீ பின்னால் போய் குழாய்க்குள்ள எரியுது. பர்னர் தலை சரியா உட்காரலை அல்லது தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். தீ பர்னரை விட்டு எழும்பி எரிஞ்சா கேஸ் அழுத்தம் அதிகம். வீட்டு அடுப்பு வேலை செய்யறது சுமார் 30 மில்லிபாரில். ரெகுலேட்டர் கெட்டுப்போனா இந்தக் கணக்கு மாறிடும்.

ரெகுலேட்டர் பக்கம் "உஸ்"னு கேட்டா சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, குமிழி வரும் இடம்தான் லீக். தீக்குச்சி கிழிச்சுப் பார்க்கிற வீரம் வேண்டாம். காற்றில் 2 சதவீதம் அளவுக்கு கேஸ் கலந்தாலே தீப்பிடிக்கும். எல்பிஜி காற்றை விட கனமானது, கட்டிலுக்கு அடியில் தேங்கி நிற்கும். வாசனை வந்தா சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து வெளியே வந்து 1906-க்கு போன் பண்ணுங்க. 24 மணி நேரமும் எடுப்பாங்க.

ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். வாடகை ரூமில் அதை மாத்துறது ஓனரா, நாமளான்னு சண்டை வரும். சண்டையை அப்புறம் போட்டுக்கலாம், முதல்ல மாத்துங்க. குட்டி சிலிண்டர்ல திருட்டுத்தனமா கேஸ் நிரப்பி, மேலேயே பர்னரை மாட்டி சமைக்கிறதும் நம்ம ரூம்கள்ல சகஜம். அப்படி நிரப்புறது சட்டவிரோதம், அந்த சிலிண்டரை யாரும் சோதிக்கிறதும் இல்லை. அட்ரஸ் ப்ரூஃப் இல்லைன்னுதான் பலர் அதுக்குப் போறாங்க. ஆனா எண்ணெய் கம்பெனிகளோட 5 கிலோ சிலிண்டரை அடையாள அட்டை மட்டும் காட்டியே வாங்கலாம்.

எங்க அடுப்பைப் பிரிச்ச மெக்கானிக், குழாய்க்குள்ளிருந்து ஒரு கரப்பான்பூச்சியையும் கெட்டியான எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்துப் போட்டார். அரை மணி நேர வேலைதான். ரத்த டெஸ்ட் எதுவும் எடுக்காததால தலைவலி அதனால்தான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஜன்னலுக்கு வலை அடிச்சு, திறந்து வச்சு சமைக்க ஆரம்பிச்ச பிறகு அவன் தலைவலி மாத்திரை வாங்கலை.