ஸ்டெல்லரின் கடற்பசு

ஜொகூர் நீரிணையில் எப்போதாவது தலைகாட்டும் கடற்பசு ஏறத்தாழ 3 மீட்டர் நீளம் இருக்கும். அதன் உறவினம் ஒன்றோ 8 மீட்டர் நீளம் வரை வளர்ந்தது. எடையில் யானையையும் விஞ்சிய அந்த விலங்கு இன்று உலகில் இல்லை.

1741ஆம் ஆண்டு நவம்பரில், அலாஸ்கா சென்று திரும்பிய ரஷ்யக் கப்பல் ஒன்று கம்சாட்காவுக்குக் கிழக்கே ஆளில்லாத் தீவொன்றில் ஒதுங்கியது. ஸ்கர்வி நோயால் மாலுமிகள் பலர் மடிந்தனர். தலைவர் வைட்டஸ் பெரிங்கும் டிசம்பரில் இறந்தார். பிழைத்தவர்களுள் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஸ்டெல்லரும் ஒருவர். கவிழ்த்துப் போட்ட படகுகளைப்போல் கரையோரம் மிதந்த பெரிய விலங்குகளை அவர் நாள்தோறும் கவனித்தார்.

அவற்றுக்குப் பற்கள் இல்லை. வாயிலிருந்த இரு தடித்த தகடுகளால் கடற்பாசியை அரைத்துத் தின்றன. தலையை நீருக்குள் ஆழ்த்தி மேய்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிமிர்ந்து, குதிரையைப்போல் மூச்சுவிட்டன. தோல் முதிய மரத்தின் பட்டையை ஒத்திருந்தது. நீருக்குள் முழுமையாக மூழ்க அவற்றால் இயலவில்லை; மனிதரைக் கண்டு அஞ்சவும் இல்லை. இந்த இரண்டுமே பின்னர் அவற்றுக்கு எமனாயின.

1742ஆம் ஆண்டு கோடையில், பசியால் வாடிய மாலுமிகள் ஈட்டி எறிந்து ஒன்றைப் பிடித்தனர். கரைக்கு இழுக்க ஏறத்தாழ 30 பேர் தேவைப்பட்டனர். அதன் இறைச்சி கோடையிலும் எளிதில் கெடவில்லை. அதை உண்டு தேறியவர்கள், உடைந்த கப்பலின் மரத்தால் சிறு கலம் ஒன்றைக் கட்டி ஆகஸ்டில் ஊர் திரும்பினர். பெண் விலங்கு கொல்லப்பட்ட இடத்திற்கு அதன் இணை அடுத்தடுத்து இரண்டு நாள் வந்து நின்றதையும் ஸ்டெல்லர் எழுதி வைத்தார்.

செய்தி பரவியது. கடல் நீர்நாயின் ரோமத்தைத் தேடிச் சென்ற வேட்டைக்காரர்கள் அத்தீவில் இறங்கி உணவு சேர்த்தனர். ஈட்டி பட்ட பல விலங்குகள் தப்பிச் சென்று கடலில் வீணாக மாண்டன. 1755இல் யாக்கோவ்லெவ் என்னும் சுரங்கப் பொறியாளர், வேட்டையைத் தடைசெய்யுமாறு கம்சாட்கா அதிகாரிகளை வேண்டினார். அவர் சொல் எடுபடவில்லை. 1768இல் கொல்லப்பட்டதே கடைசி விலங்கு என்பது பதிவு. ஸ்டெல்லர் கண்டு 27 ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன.

அதை உயிருடன் பார்த்து ஆராய்ந்த இயற்கை ஆய்வாளர் அவர் ஒருவரே. அவருடைய குறிப்புகள் 1751இல் நூலாக வெளிவந்தபோது அவரும் உயிருடன் இல்லை. அதன் எலும்புக்கூடு ஒன்றை ஹெல்சிங்கி அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.