சித்தன்னவாசல் நீலம் எது? ஸ்பெக்ட்ரம் கணக்கு போடுவது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது சித்தன்னவாசல். அங்குள்ள சமணக் குடைவரையின் விதானத்தில், தாமரைக் குளத்தில் பூப்பறிக்கும் 9-ம் நூற்றாண்டு ஓவியம் பல இடங்களில் மங்கிவிட்டது. எந்த நிறம் எந்தப் பொருள் என்று தெரியாமல் கைவைத்தால், மிச்சமிருப்பதும் போய்விடும்.

1930-களில் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ்.பரமசிவன் இந்த நிறங்களை ஆராய்ந்தார். சுண்ணாம்பு, கரி, மஞ்சள் காவி, செங்காவி, லாபிஸ் லசூலி நீலக்கல் ஆகியவை இங்கு சொல்லப்படும் நிறமிகள். இன்று இதற்கு யுவி-விசிபிள், ஐஆர் கருவிகள் உண்டு. பி.எஸ்சி. மாணவர்கள் போடும் கணக்கும் இதேதான்.

கணக்கு 1: நீலம்

ஒரு தூள் 600 நானோமீட்டர் அருகே அதிகம் உறிஞ்சுகிறது. என்ன நிறம்? 600 என்பது ஆரஞ்சு ஒளி. அது போய்விட்டால் கண்ணுக்கு வருவது நீலம். உறிஞ்சிய நிறத்தையே விடையாக எழுதுவதுதான் பலர் செய்யும் தப்பு.

சரி, அது லாபிஸா, அவுரியா? இரண்டுமே கிட்டத்தட்ட அங்கேதான் உறிஞ்சும். இங்கே யுவி கைவிட்டுவிடும், ஐஆர் தேவை. லாபிஸ் ஒரு சிலிக்கேட், 1,000 செ.மீ⁻¹ அருகே அகலமான பட்டை வரும். அவுரியில் கார்பனைல் உண்டு. ஆனால் 1,700-ல் தேடினால் கிடைக்காது. கான்ஜுகேஷனும் ஹைட்ரஜன் பிணைப்பும் அதை 1,630 பக்கம் இறக்கிவிடும்.

கணக்கு 2: காவி

மஞ்சள் காவி, செங்காவி இரண்டின் நிறமும் இரும்பு சேர்மத்தால் வருவது. என்ன வித்தியாசம்? மஞ்சளில் உள்ள கோதைட்டில் ஓ-ஹெச் உண்டு. சிவப்பில் உள்ள ஹேமடைட்டில் இல்லை. மஞ்சள் காவியைச் சுட்டால் நீர் வெளியேறி சிவப்பாவது இதனால்தான்.

உடனே 3,600-ஐப் பார்த்து முடிவு செய்யாதீங்க. 3,600 - 3,700-ல் வரும் கூர்முனைகள் காவியில் கலந்த களிமண்ணுடையதாக இருக்கலாம். 900, 800 அருகே ஜோடி முனை இருந்தால்தான் கோதைட்.

பயிற்சிக்கு ஒரு வழி

டேபிளை மனப்பாடம் செய்வது மட்டும் போதாது. ஒவ்வொரு ஸ்பெக்ட்ரத்திலும் மூணு கேள்வி கேளுங்க: எது இருக்கு? எது இல்லை? இதே முனையை வேறு எந்தப் பொருள் தரும்? மூன்றாவது கேள்வியைத் தவிர்த்தால் தேர்வில் மார்க் போகும். சித்தன்னவாசலில் ஓவியமே போகும்.