பத்து எம்எம் பிளேட்

ஜவளகிரியிலிருந்து பஸ் ஏறி ஓசூர் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு 10 எம்எம் இரும்பு பிளேட் பழகிய பொருள். ஒரு சதுர மீட்டர் 78.5 கிலோ. இருவர் பிடித்தாலும் மூச்சு வாங்கும். அதே பிளேட் கடல்நீரில் கிடந்தால் ஆண்டுக்குச் சராசரியாக 0.1 மில்லிமீட்டர் தேயும். 80 ஆண்டுகளில் 8 மில்லிமீட்டர் போய்விடும். மிஞ்சுவது 15.7 கிலோ, ஒருவரே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம்.

கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களும் இரும்பு பிளேட்டால் ஆனவைதான். இரண்டாம் உலகப்போரில், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இலங்கையின் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசின. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மூழ்கியது. 307 பேர் இறந்தனர். 50 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் அது கிடக்கிறது. எண்ணெய் எரித்து ஓடிய கப்பல் அது. அதன் எரிபொருள் தொட்டிகளின் கொள்ளளவு சுமார் 2,000 டன். கல்குடாவுக்கு எதிரே, அன்றே மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாக முறிந்து கிடக்கிறது.

துறைமுகத்துக்குள் குண்டுபட்டுத் தீப்பிடித்த சகாயிங் என்ற கப்பலின் கதை வேறு. 1943 ஆகஸ்ட் 24 அன்று அதை அங்கேயே வேண்டுமென்று மூழ்கடித்து, இறங்குதுறையாகப் பயன்படுத்தினார்கள். போர் முடிந்தது. பிரிட்டிஷார் போனார்கள். கப்பல் அங்கேயே இருந்தது. 2017 செப்டம்பரில் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் வேலையைத் தொடங்கினார்கள். அரித்துப்போன பக்கங்களுக்குச் செயற்கைச் சுவர் கட்டி, உள்ளிருந்த நீரை இறைத்து, 2018 மார்ச்சில் அதை மிதக்கவிட்டார்கள். சுமார் 10 மீட்டர் ஆழத்தில், அலையடங்கிய துறைமுகத்துக்குள் கிடந்த ஒரே ஒரு கப்பலுக்கு ஆறு மாதங்கள்.

வேண்டுமென்றே மூழ்கடிப்பது போர்க்காலத்தில் வழக்கமான முடிவு. கப்பல் எதிரியின் கையில் சிக்கக்கூடாது என்பது ஒரு காரணம். 1943 மார்ச் 9 அன்று கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில் ஜெர்மானிய, இத்தாலியக் கப்பல்களை அவற்றின் மாலுமிகளே தீவைத்து மூழ்கடித்தது அதனால்தான். செலவில்லாமல் தொலைத்துவிடலாம் என்பது இன்னொரு காரணம். 1945க்குப் பிறகு, ஜெர்மனியின் நச்சுவாயுக் குண்டுகளை ஏற்றிய கப்பல்கள் ஸ்கேகராக் நீரிணையில் மூழ்கடிக்கப்பட்டன. அந்தக் குண்டுகளில் பல கடுகுவாயு நிரப்பியவை. கடுகுவாயு என்பது தோலைக் கொப்புளமாக்கும் திரவம். குளிர்ந்த கடலில் அது கரைவதில்லை, கட்டியாக உறைகிறது. பால்டிக் கடலில் கொட்டப்பட்ட அதே வகைக் கட்டிகள் போர்ன்ஹோம் தீவருகே மீனவர் வலைகளில் ஏறி, கைகளைப் புண்ணாக்கியிருக்கின்றன.

2005இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, எண்ணெய் கசியக்கூடிய மூழ்கிய கப்பல்கள் உலகில் 8,569. அவற்றில் 1,583 எண்ணெய்க் கப்பல்கள். நான்கில் மூன்று பங்கு இரண்டாம் உலகப்போர்க் காலத்தவை. ஏறத்தாழ ஒரே வயது, ஒரே வகை இரும்பு. பல ரிவெட் அடித்து இணைத்தவை. அரிப்பு பிளேட்டின் நடுவில் ஓட்டை போடும்வரை காத்திருப்பதில்லை. ரிவெட் வரிசையில் முதலில் வழி கிடைக்கிறது.

பசிபிக்கின் யூலித்தி தீவுக்கூட்டத்தில் 1944 நவம்பர் 20 அன்று மிசிசினேவா என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 57 ஆண்டுகள் தீவு மக்களுக்கு அதனால் தொல்லை இல்லை. 2001 ஜூலையில் ஒரு புயல் கடந்தது. அடுத்த மாதம் கடலில் எண்ணெய் மிதந்தது. மீன்பிடிக்கத் தடை வந்தது. அந்த மக்களின் சாப்பாடே மீன்தான். 2003இல் அமெரிக்கக் கடற்படை வந்து ஏறத்தாழ 70 லட்சம் லிட்டர் எண்ணெயை உறிஞ்சி எடுத்தது.

ஆபத்து விளைவிக்கும் மூழ்கிய கப்பலை அதன் உரிமையாளரே அகற்ற வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டின் நைரோபி உடன்படிக்கை. 2015 ஏப்ரல் 14 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. போர்க்கப்பல்களுக்கு அது பொருந்தாது.

1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பையும் ஒரு பெரும்புயல் தாக்கியது. அப்போது ஹெர்மிஸ் கடலில் கிடந்து 36 ஆண்டுகளே ஆகியிருந்தன. மேலே சொன்ன கணக்கில், தேய்மானம் 3.6 மில்லிமீட்டர்.