18,720 படுக்கைகளும் ஒரு பொது மேஜையும்

இன்னைக்கு எபிசோட் ஹோட்டல் பத்தி. ஆனா ரிவ்யூ இல்லை. "இங்க தங்குங்க, அங்க காபி நல்லா இருக்கும்"னு சொல்லப் போறதில்லை. "கம்யூனிட்டி"ங்கிற வார்த்தையை இப்போ ஸ்டைலான ஹோட்டல்கள் எல்லாம் விளம்பரத்துல போடுறாங்க. அந்த வார்த்தைக்கு உண்மையில் என்ன அர்த்தம்? ஒரு கட்டடத்துல அது எங்கே இருக்கு? யாருக்குக் கிடைக்குது, யாருக்குக் கிடைக்கலை? இதுதான் இன்றைய கேள்வி.

நான் இருக்கிறது வாலாஜாபாத். வண்டலூர் ரோட்டுல போனா ஒரகடம், இன்னொரு பக்கம் போனா சுங்குவார்சத்திரம். கார், டயர், போன், பைக் எல்லாம் செய்யற பெல்ட் இது. ஆயிரக்கணக்கான பேர் வெளியூரிலிருந்து வந்து தங்கி வேலை பார்க்கிறாங்க. அதனால "தங்குமிடம்"ங்கிறது எங்க ஊர்ப் பக்கம் பெரிய விஷயம்.

ரூம் சின்னது, கூடம் பெரிசு

முதல்ல அந்த ஸ்டைல் ஹோட்டல் எப்படி உருவாச்சுன்னு பார்த்துடலாம்.

1999-ல அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஏஸ் ஹோட்டல்னு ஒண்ணு திறந்தாங்க. அது புதுசாக் கட்டின கட்டடம் இல்லை. சால்வேஷன் ஆர்மி நடத்தி வந்த பழைய மறுவாழ்வு விடுதி. மொத்தமே 28 அறைகள். பல அறைகளுக்குத் தனி பாத்ரூம் கூடக் கிடையாது, பொதுவானதுதான். ஆனா வெள்ளைச் சுவர், பழைய மரச்சாமான், உள்ளூர்க் கலைஞர்களின் வேலைப்பாடுன்னு பார்த்துப் பார்த்துச் செஞ்சதால அது ஒரு பேஷனாவே ஆயிடுச்சு.

பத்து வருஷம் கழிச்சு, 2009-ல, அதே ஏஸ் நியூயார்க்குக்கு வந்தது. அங்கே பேசப்பட்டது அறைகள் இல்லை, லாபி. நடுவில் நீளமான ஒரு பொது மேஜை. அறை எடுக்காதவங்களும் வந்து உட்காரலாம், லேப்டாப்பைத் திறந்து வேலை பார்க்கலாம். கூடவே இதையும் சொல்லணும்: அந்தக் கட்டடம் அதுக்கு முன்னாடி பிரெஸ்லின்ங்கிற பேர்ல இருந்தது. குறைந்த வாடகைக்கு ஒற்றை அறைகளில் பலர் வருஷக்கணக்கா குடியிருந்த இடம்.

2008-ல ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சிட்டிசன்எம் தன் முதல் ஹோட்டலைத் திறந்தது. அறையின் அளவு சுமார் 14 சதுர மீட்டர். நம்ம கணக்குல 150 சதுர அடி. அறைகளைத் தொழிற்சாலையிலேயே செஞ்சு கொண்டு வந்து அடுக்கினாங்க. மிச்சமான இடத்தைக் கீழே பெரிய கூடமா மாத்தினாங்க. சோபா, புத்தக அலமாரி, ராத்திரியும் கிடைக்கிற சாப்பாடு.

சூத்திரம் புரியுது இல்லையா? தூங்குற இடத்தைச் சுருக்கு, சேர்ந்து உட்கார்ற இடத்தை விரி. ஹோட்டலுக்கு இதில் நஷ்டம் இல்லை. லாபியில் உட்கார்றவங்க காபி வாங்குவாங்க, சாப்பிடுவாங்க. அங்கே கூட்டம் இருந்தா "இது நல்ல இடம்"னு ஊரே பேசும்.

பெங்களூருல இந்த மாதிரி ஒரு ஹோட்டல்ல வேலை விஷயமா நான் ரெண்டு ராத்திரி தங்கியிருக்கேன். அறையில் பெட்டியை விரிச்சு வைக்கவே இடம் இல்லை. ஆனா ராத்திரி பதினொரு மணிக்குக் கீழே இறங்கி வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் "என்ன வேணும், ஏன் உட்கார்ந்திருக்கீங்க"ன்னு கேட்கலை. அந்தக் கேள்வி வராததுதான் அங்கே உண்மையில் விற்கப்படற பொருள்னு எனக்குத் தோணுது.

நம்ம ஊர்லயும் இருந்துச்சே

இது நமக்குப் புதுசான்னா, இல்லை. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் ஊர்ப் பேரைக் கவனிச்சுப் பாருங்க. சுங்குவார்சத்திரம், பாலுச்செட்டிசத்திரம். வழிப்போக்கர்கள் தங்கிப் போன சத்திரங்கள் ஊர்ப் பேரா நின்னு போச்சு. வீடுகள்ல திண்ணை இருந்துச்சு. தெரியாதவங்களும் உட்காரலாம், கதவைத் தட்ட வேண்டியதில்லை. எல்லாச் சாதிக்காரங்களும் எல்லாத் திண்ணையிலும் உட்கார முடியலைங்கிறதையும் சேர்த்தே சொல்லணும்.

அப்புறம் நகரத்துக்கு வந்தா, திருவல்லிக்கேணி மேன்ஷன். சினிமால நிறையப் பார்த்திருப்பீங்க. ஒரு கட்டில் போடற அளவு அறை, வராந்தா, பொது பாத்ரூம். ஆனா கீழே இறங்கினா மெஸ், டீக்கடை, நாலு தெரு தாண்டினா மெரினா. அந்தப் பசங்களுக்கு ஊரே லாபி. ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்பி வந்தாலும் பெரிசா யாரும் கேட்க மாட்டாங்க.

பெண்களுக்கு அப்படி ஒரு மேன்ஷன் வரலை. லேடீஸ் ஹாஸ்டல்தான் வந்தது. அதில் முதல் விதியே கேட் மூடற நேரம்.

யார் காசு கொடுக்கிறாங்க?

இப்போ நம்ம தொழிற்சாலை பெல்ட்டுக்கு வருவோம். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைன்ல நிக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க இளம்பெண்கள். அவங்க தங்கற விடுதியும், மேல சொன்ன ஹோட்டலும் முதல் பாதியில் ஒண்ணுதான்: தூங்குற இடம் சுருங்கியிருக்கும். ரெண்டாவது பாதிதான் இல்லை. கீழே கூடம் இருக்காது.

ஏன் இல்லை? கெட்ட மனசு மட்டும் காரணம் இல்லை. கணக்கு அப்படி. ஹோட்டல்ல தங்கறவர்தான் காசு கொடுக்கிறார். பிடிக்கலைன்னா அடுத்த தடவை வேற இடம் போவார். தொழிலாளர் விடுதியில் பல சமயம் இடத்தைப் பேசி எடுக்கிறது கம்பெனியோ, ஆள் எடுத்துத் தர்ற கான்ட்ராக்டரோ. கட்டட உரிமையாளருக்கு வருமானம் படுக்கைக் கணக்கில். ஆறு பேர் தங்கற ஓர் அறையை டிவி ரூமா மாத்தினா, ஆறு வாடகை போச்சு. அங்கே உட்கார்றவங்க காபி வாங்கப் போறதும் இல்லை. அதனால தங்கறவங்களுக்கு எது தேவைங்கிற கேள்வி அந்தக் கணக்குல எங்கேயும் நுழையவே நுழையாது.

விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறா என் சித்தி பொண்ணு. ரூம்ல ஒருத்தி ஏ ஷிஃப்ட், இன்னொருத்தி நைட் ஷிஃப்ட். எப்பவும் யாராவது தூங்கிட்டு இருப்பாங்க. லைட் போட முடியாது, பேச முடியாது. "உட்காரணும்னா பெட்ல தான்க்கா உட்காரணும். அம்மாகிட்ட பேசணும்னா படிக்கட்டு"ன்னா. ராத்திரி அந்த விடுதிப் படிக்கட்டுல ஆளுக்கு ஒரு படியா உட்கார்ந்து போன் பேசிட்டு இருப்பாங்களாம். இடம் கொடுக்கலைன்னாலும் மனுஷங்க தங்களுக்கு ஒரு லாபியைக் கண்டுபிடிச்சுக்கறாங்க.

நெடுஞ்சாலையே கூடமான ராத்திரி

கூடம் இல்லைன்னா என்ன ஆகும்? சௌகரியக் குறைவு, அவ்வளவுதானேன்னு தோணலாம். டிசம்பர் 2021-ல நடந்ததைப் பாருங்க.

சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கிற ஃபாக்ஸ்கான் ஆலை. அதன் ஊழியர்கள் தங்கியிருந்த, பூந்தமல்லி பக்கத்து விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்காம 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாங்க. யார் எந்த ஆஸ்பத்திரியில் இருக்காங்க, எப்படி இருக்காங்கன்னு கூடத் தங்கினவங்களுக்கே சரியாத் தெரியலை. சிலர் இறந்துட்டாங்கன்னு வதந்தி கிளம்பிச்சு. டிசம்பர் 17-ம் தேதி ராத்திரி ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தாங்க. மறுநாளும் மறியல் தொடர்ந்தது. ஆலை மூடப்பட்டது. வெளியே இருக்கிற சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்களின் தரத்துக்கு ஏற்றதா இல்லைன்னு ஆப்பிளே ஒத்துக்கிட்டு, ஆலையைக் கண்காணிப்பில் வெச்சது. ஜனவரி 12, 2022-ல தான் ஆலை மறுபடி திறந்தது.

இதில் முதல் குற்றவாளி கெட்டுப்போன சாப்பாடு. சந்தேகமே இல்லை. ஆனா வதந்தி அவ்வளவு வேகமா பரவினதுக்குக் காரணம் வேற. எல்லாரும் கூடி, பொறுப்பில் இருக்கிற ஒருத்தரைக் கேள்வி கேட்டு, பதில் வாங்கற இடம் விடுதிக்குள்ள இல்லை. அதனால ரோடு அந்த இடமா மாறிச்சு. அதுக்கப்புறம் மாநில அரசு கம்பெனிக்குச் சொன்ன யோசனைகளில் தண்ணீர், சாப்பாடு, பவர் பேக்கப், டிவி, நூலகம், உள்ளரங்க விளையாட்டும் இருந்துச்சு. டிவியும் கேரம் போர்டும் சின்ன விஷயம் மாதிரி தெரியும். அதை எங்கே வைப்பீங்க? அதுக்கு ஒரு கூடம் வேணும். விஷயமே அங்கதான் இருக்கு.

வல்லம் வடகால்

ஆகஸ்ட் 17, 2024-ல வல்லம் வடகால் சிப்காட்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஒரு குடியிருப்பு வளாகத்தைத் திறந்து வெச்சார். செலவு சுமார் 706 கோடி ரூபாய். 13 பிளாக், ஒவ்வொண்ணும் பத்து மாடி. 18,720 பெண்கள் தங்கலாம். வகுத்துப் பார்த்தா ஒரு பிளாக்குக்கு 1,440 பேர். ஒரு சின்னப் பேரூராட்சியே ஒரு காம்பவுண்டுக்குள்ள இருக்கிற மாதிரி.

ஊர் ஊரா சிதறிக் கிடந்த வாடகை விடுதிகளிலிருந்து, அரசே திட்டமிட்டுக் கட்டின ஒரு இடத்துக்கு வர்றது பெரிய மாற்றம். வேலைக்குப் போற பெண்களுக்காக தாம்பரம், கூடுவாஞ்சேரி மாதிரி இடங்களில் அரசு நடத்தற "தோழி" விடுதிகளும் இதே திசைதான். 2014-லேயே பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டு வந்தது. விடுதி நடத்த உரிமம் வேணும்.

ஆனா இந்த மாதிரி வளாகம்னாலே முதல்ல கண்ணுல படறது படுக்கை எண்ணிக்கைதான். ஒரு ஊரை நாம அப்படி அளக்கிறதில்லை. அந்த ஊர்ல கடைத்தெரு இருக்கா, மைதானம் இருக்கா, நாலு பேர் கூடிப் பேச மரத்தடி இருக்கான்னு பார்ப்போம்.

அதனால உங்களுக்கு மூணு கேள்வி கொடுக்கிறேன். விடுதி, பிஜி, கோ-லிவிங், டிசைன் ஹோட்டல், எதுக்கும் பொருந்தும்.

ஒண்ணு: படுக்கையைத் தவிர, காசு செலவழிக்காம உட்கார ஒரு இடம் இருக்கா? நைட் ஷிஃப்ட் முடிஞ்சு காலையில் வர்றவங்களுக்கும் அது திறந்திருக்கா?

ரெண்டு: சாப்பாடு சரியில்லைன்னா யார்கிட்ட சொல்றது? சொன்னா அடுத்த வாரம் மெனு மாறுமா, இல்லை சொன்ன ஆளை மாத்துவாங்களா? தங்கறவங்களே தேர்ந்தெடுத்த மெஸ் கமிட்டி இருந்தா பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மூணு: கேட்டோட நேரத்தை யார் முடிவு பண்றாங்க? பாதுகாப்பு வேணும்தான். ஆனா ராத்திரி ஷிஃப்டுக்கு அனுப்பும்போது பெரியவளா தெரியற பொண்ணு, லீவு நாள்ல ஒரு சினிமாவுக்குப் போகும்போது மட்டும் எப்படிச் சின்னக் குழந்தை ஆகிடுறா?

இந்த மூணுக்கும் நல்ல பதில் இருந்தா, சுவர்ல ஓவியம் இல்லைன்னாலும் அது கம்யூனிட்டிதான். பதில் இல்லைன்னா, எவ்வளவு அழகா விளக்கு போட்டிருந்தாலும் அது வெறும் அடுக்கி வெச்ச கட்டில்.

நீங்க ஹாஸ்டல்லயோ பிஜியிலயோ இருந்தா, உங்க இடத்தில் அந்தப் "படிக்கட்டு" எதுன்னு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. மொட்டை மாடியா, வாட்டர் டேங்க் பக்கமா, டீக்கடை பெஞ்சா? இந்த வாரம் நேரம் கிடைச்சா, வார்டன்கிட்ட ஒரு கூடம் கேட்டுப் பாருங்க. தனியாப் போகாதீங்க, நாலு பேரா போங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.