பின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

முழுக்கப் போலியான வாட்சைவிட, பாதி அசலான வாட்ச்தான் வாங்குகிறவரை அதிகம் ஏமாற்றுகிறது. மதுரையில் எங்கள் அப்பா உட்கார்ந்த மேஜையிலேயே உட்கார்ந்து வாட்ச் பழுதுபார்க்கிறேன். ஆன்லைனில் வாங்கிய பழைய ஒமேகாவையும் ரோலக்ஸையும் சர்வீஸுக்குக் கொண்டுவருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். மூடியைத் திறந்தால் நான் அதிகம் பார்ப்பது இந்தப் பாதி அசலைத்தான். மெஷின் ஸ்விட்சர்லாந்தில் செய்ததாக இருக்கும். டயலில் யாரோ புதிதாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். கேஸ் வேறொரு மாடலுடையது, முள் இன்னொன்றிலிருந்து கழற்றியது. உள்ளே அசல் மெஷின் ஓடுகிற ஒரே காரணத்தால் விற்பவர் "ஒரிஜினல்" என்று எழுதிவிடுகிறார்.

சமீபத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் ஒமேகா ஒன்றைக் கொண்டுவந்தார். "அண்ணே, ஆட்டோமேட்டிக்னு சொல்லித்தான் வித்தாங்க. நாள் முழுக்கக் கையில கட்டியிருக்கேன், ராத்திரி நின்னு போகுது" என்றார். கை அசைவிலேயே சாவி ஏறும் என்று நம்பியிருக்கிறார். நேரம் வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் கிரவுன் திருகை நாலு சுற்று சுற்றுவார். அந்த அளவுக்கு ஓடிவிட்டு அது நிற்கும். திறந்தேன். உள்ளே இருந்தது ஒமேகா 601 மெஷின். 1960களின் அருமையான மெஷின், ஆனால் கையால் சாவி கொடுக்க வேண்டியது. டயலிலோ ஆட்டோமேட்டிக் என்று அச்சிட்டிருந்தது. பின் மூடியின் உட்புறத்தில் 166 என்று தொடங்கும் எண். அந்தக் காலத்து ஒமேகா எண் முறையில் 166 என்றால் தேதி காட்டும் ஆட்டோமேட்டிக். இந்த டயலில் தேதிக்கான சன்னலே இல்லை. டயல் ஒன்று சொல்கிறது, மூடி ஒன்று சொல்கிறது, மெஷின் மூன்றாவதாக ஒன்று சொல்கிறது. மூன்று வாட்சுகளின் மிச்சத்தை ஒன்றாக்கி, ஒரு முழு வாட்சின் விலைக்கு அவரிடம் விற்றிருக்கிறார்கள்.

இந்த வேலை நம் நாட்டிலேயே பெரிய அளவில் நடக்கிறது. பழைய சீக்கோ 5, எச்எம்டி, ஃபாவ்ர்-லூபா, வெஸ்ட் எண்ட் வாட்சுகளின் டயலைச் சுரண்டி, நீலம், ஆரஞ்சு, பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் அச்சடித்து, உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என்றே அழைக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. எச்எம்டி 1961-ல் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. அந்த வாட்ச் கம்பெனியை மூடுவதென்று 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. மிச்சமிருக்கும் ஜனதா, பைலட் மாடல்களும் இனி குறையத்தான் செய்யும். கொஞ்சம் மஞ்சள் பூத்த, ஓரத்தில் புள்ளி விழுந்த அசல் டயலைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே பளபளப்பு பூசுகிறார்கள். விவரம் தெரிந்த சேகரிப்பாளர் அந்தப் புள்ளி விழுந்த டயலுக்குத்தான் கூடுதல் விலை கொடுப்பார்.

படத்தை வைத்துச் செய்யக்கூடிய முதல் சோதனை, எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது. கம்பெனி அச்சில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும், நிமிடக் கோடுகள் ஒரே கனத்தில் ஒரே இடைவெளியில் நிற்கும். மறுபடி அச்சடித்ததில் எழுத்து தடித்திருக்கும், கோடுகளில் ஒன்றிரண்டு விலகியிருக்கும். அறுபது வயது வாட்சின் டயலில் ஒரு கறைகூட இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்க வேண்டும்.

இருட்டில் ஒளிரும் பூச்சு இன்னொரு சாட்சி. 1960களிலிருந்து 1990களின் கடைசி வரை பல ஸ்விஸ் வாட்சுகளில் ட்ரிடியம் பூசினார்கள். டயலின் அடியில், ஸ்விஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'டி' என்ற எழுத்து இருந்தால் அது ட்ரிடியம். அதன் கதிர்வீச்சு ஏறத்தாழ 12 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 1970களில் செய்த ரோலக்ஸ் சப்மரீனர் இன்றைக்கு ராத்திரி முழுக்கப் பளிச்சென்று ஒளிர்ந்தால், அந்தப் பூச்சைப் பிற்காலத்தில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ட்ரிடியம் வருவதற்கு முந்தைய வாட்சுகளில் ரேடியம் இருக்கும். அது ஒளி விடாமல் போயிருந்தாலும் கதிர்வீச்சு ஓயாது. அப்படி ஒன்று கைக்கு வந்தால் நீங்களாகத் திறந்து சுரண்டிப் பார்க்காதீர்கள். அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.

பெரிய ஏலக் கம்பெனியில் வாங்கினால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். ஜெனீவாவில் 2021 நவம்பரில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 1957-ஆம் ஆண்டு வகை ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. மதிப்பீடு 80,000-லிருந்து 1,20,000 பிராங்க் வரைதான் இருந்தது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கியது என்றும், தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் பங்குண்டு என்றும் 2023-ல் ஒமேகாவே அறிவித்தது. செய்த கம்பெனிக்கே இப்படி நடக்கும் என்றால், செல்போனில் நாலு படம் பார்த்து வாங்குகிறவர் எத்தனை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

முழுப் போலியும் முன்னைப் போல இல்லை. 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று சொல்லியே விற்பதை விடுங்கள். ரோலக்ஸின் 3135 மெஷினை அப்படியே நகலெடுத்துச் செய்த போலிகள் வந்துவிட்டன. எடையும் சரியாக இருக்கிறது, எஃகின் தரமும் கிட்டத்தட்ட சரியாக இருக்கிறது. பின்பக்கம் கண்ணாடி வைத்து மெஷின் தெரிகிற சப்மரீனர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரோலக்ஸ் அப்படி ஒன்று செய்ததில்லை. நல்ல நகலைப் பிடிக்க லென்ஸும் பழகிய கண்ணும் வேண்டும். பாக்ஸும் வாரன்டி கார்டும் இருக்கிறதே என்று நிம்மதியடையாதீர்கள். காலி பாக்ஸ் தனியாக விற்பனைக்குக் கிடைக்கிறது, கார்டையும் போலியாக அடிக்கிறார்கள்.

திருட்டு வாட்சும் ஆன்லைனில் வரும். போலீஸ் அதைக் கைப்பற்றினால், நீங்கள் தெரியாமல் வாங்கியிருந்தாலும் பொருள் போகும், பணமும் திரும்புவது கஷ்டம். எண்ணைச் சுரண்டி அழித்திருந்தால் அந்த வாட்சைத் தொடவே வேண்டாம். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர்கள், களவுபோன வாட்சுகளின் பதிவேட்டை வைத்திருக்கும் லண்டன் 'வாட்ச் ரெஜிஸ்டர்' நிறுவனத்தில் கட்டணம் கட்டி எண்ணைச் சரிபார்க்கலாம்.

பணம் அனுப்பும் இடத்தில் இன்னொரு கும்பல் நிற்கிறது. அவர்களிடம் வாட்சே கிடையாது, யாரோ போட்ட படத்தை எடுத்துப் போட்டிருப்பார்கள். முன்பணம் போனதும் ஆளைக் காணோம். இன்னும் சிலர், அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்பார்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் உங்கள் பணம்தான் போகும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

நான் தெரிந்தவர்களுக்குச் சொல்வது இதுதான். விற்பவரின் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து, பின் மூடியைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மெஷினில் இருக்கும் எண்ணும், மூடியின் உட்புற எண்ணும் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும், டயலுக்குத் தனிப் படம் வேண்டும். கேஸைப் பக்கவாட்டில் எடுத்த படமும் கேளுங்கள். பாலிஷ் போட்டுப் போட்டுப் பட்டை மாட்டும் கொம்புகள் மெலிந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்து எடுத்த வீடியோ கிடைத்தால் இன்னும் நல்லது. பாலன்ஸ் சக்கரத்தின் ஆட்ட அளவான ஆம்ப்ளிட்யூட் 270 டிகிரி பக்கம் நின்றால் மெஷின் ஆரோக்கியமாக இருக்கிறது. 200-க்குக் கீழே என்றால் எண்ணெய் காய்ந்திருக்கும், சர்வீஸ் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். மெக்கானிக்கிடம் காட்டி ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையான விற்பனையாளர்கள் இதற்கெல்லாம் தயங்குவதில்லை. அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் கேட்கும் கூடுதல் விலை நியாயமானது.

திறந்தால் வாட்டர்ப்ரூஃப் போய்விடும் என்று சிலர் மறுப்பார்கள். அறுபது வயது வாட்சின் ரப்பர் வளையம் எப்போதோ இறுகிப்போயிருக்கும், அது தண்ணீரைத் தடுக்கப்போவதில்லை. திறக்கும் கருவி இல்லை என்பார்கள். எந்த ஊர் வாட்ச் கடையிலும் சில நிமிட வேலை அது. விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று அவர் சொன்னாலும், மூடியைத் திறந்த படம் வரும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.