தூளிப் புடவைத் துண்டு

என் நாத்தனார் மகன், தூளி கட்டிய நூல் புடவையின் கிழிசல் இல்லாமல் தூங்க மாட்டான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலடித்து, கரண்ட் இல்லாமல் நாங்களே நடுங்கிய ராத்திரியிலும் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான். ஸ்கூலில் சேர்க்கும் சமயம், "அழுக்குத் துணி, தூக்கிப் போடு" என்று வீட்டில் ஒரே ரகளை!

அம்மா பக்கத்தில் இல்லாதபோது குழந்தைக்கு அந்தத் துணிதான் தைரியம் என்று இங்கிலாந்து டாக்டர் வின்னிகாட் 1953-லேயே எழுதியிருக்கிறார். 1958-ல் அமெரிக்காவில் ஹார்லோ செய்த சோதனையில், பால் தந்த கம்பி பொம்மையை விட்டுத் துணி பொம்மையைத்தான் கட்டிக்கொண்டனவாம் குரங்குக் குட்டிகள். (பாவம், தாயைப் பிரித்து இப்படியொரு சோதனை!)

துவைத்தால் வாசனை போச்சு என்று பிள்ளை அழுவான். அதனால் துணியை ரெண்டாக்கி, ஒன்று கொடியில் காயும்போது இன்னொன்றைக் கொடுக்கச் சொன்னேன். கைக்குட்டை அளவு ஒரு துண்டு ஸ்கூல் பையிலும் போகிறது.

- ஒரு வாசகி, மீஞ்சூர்.